லிங்வேர் தீவில் ஒரு ‘இல்லை’

ஞாயிறு ஆராதனையின் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஆண்கள் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் நாங்கள் வெளியே வந்து கல்லறைச் சுவரோரம் நின்றோம். 1905, ஆகஸ்ட் பதின்மூன்று. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக ஸ்வீடன் ராஜாவின் கீழ் இருந்த நார்வே இனித் தனியாகப் போகலாமா என்று அன்றைக்கு மக்களைக் கேட்டார்கள். மக்கள் என்றால் இருபத்தைந்து வயது தாண்டிய ஆண்கள்.

“உள்ள இருக்குறதுல பாதிக்குத் தன் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாது” என்றாள் கடைக்கார ஓலியானா. “அதுங்க நாட்டோட தலையெழுத்த எழுதுதுங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்ச நாம இங்க நின்னு காத்து வாங்குறோம்.”

எல்லோரும் சிரித்தோம். ஓலியானா இருக்கும் இடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான் கொஞ்சம் கம்மியாகச் சிரிப்பார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் போதகர் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார். ‘ஆம்’ நூற்று முப்பத்தொன்று. ‘இல்லை’ ஒன்று.

அந்த ஒன்றைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. ஹாக்பார்ட் படியிறங்கி வந்துகொண்டிருந்தான். அவன் மனைவி எல்னா ஸ்வீடன்காரி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மலை தாண்டிச் சந்தைக்குப் போனவன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். வழிதான் விட்டார்கள், தேவைக்கு மேலேயே அகலமாக.

என் பெயர் பெத்ரிக்கே. லிங்வேருக்கும் சுற்றியுள்ள ஏழு தீவுகளுக்கும் நான்தான் மருத்துவச்சி. அதனால்தான் அடுத்த வாரம் தலைநகரத்துப் பெண்கள் சங்கத்திலிருந்து வந்த தடித்த உறை என் பெயருக்கு வந்தது. உள்ளே கோடு போட்ட தாள்கள். மேலே அச்சடித்த நாலு வரி: நார்வேயின் பெண்களாகிய நாங்களும் பிரிவுக்குச் சம்மதிக்கிறோம். எங்களை யாரும் கேட்கவில்லை என்பதால் நாங்களே முன்வந்து சொல்கிறோம் என்பதுதான் அதன் சாரம். நாடு முழுக்கக் கையெழுத்து வாங்குகிறார்களாம். முதல் கட்டு பாராளுமன்றத்துக்குப் போய்விட்டது, வடக்கிலிருந்து வருவதைப் பிறகு சேர்த்துக்கொள்வோம், சனிக்கிழமைக் கப்பலில் அனுப்புங்கள் என்று கடிதத்தில் இருந்தது.

அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருஷமாக இந்தக் கடலில் நானே துடுப்புப் போட்டுப் போய் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியிருக்கிறேன். என் அபிப்பிராயத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லி யாரும் நீட்டியதில்லை. என் கணவர் சீவர்ட் வலை தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு. போயிட்டு வா” என்றார். அவர் எப்போதுமே அவ்வளவுதான் பேசுவார்.

திங்கட்கிழமை படகை இறக்கினேன். மாவு பிசைந்த கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. ஒரு பாட்டி, “இதுல பேரு போட்டா மாட்டப் புடிச்சிட்டுப் போயிட மாட்டாங்களே?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள். ஒரு வீட்டில் புருஷன்காரன் வாசலை மறித்து நின்றான்.

“எம் பொண்டாட்டிக்கும் சேத்து நானே ஓட்டுப் போட்டாச்சு, மருத்துவச்சியம்மா. அவ தனியா போட வேண்டியதில்ல.”

“அப்படியா? போன மாசம் அவ புள்ள பெத்தாளே, அதையும் நீதான் சேத்துப் பெத்தியாக்கும்? நான் பாத்த மாதிரி நீ படகு கொட்டாயில ஒளிஞ்சிக்கிட்டில்ல இருந்த?”

உள்ளேயிருந்து அவள் சிரித்த சிரிப்பில் அவன் தானாக நகர்ந்துவிட்டான்.

ஓலியானா தன் கடையில் வைத்தே இருபது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றினாள். ஊற்றும்போதே, “அந்த ஒருத்தன் யாருன்னு தெரியாமலா இருக்கோம்? ராத்திரி படுக்கையில ஸ்வீடன் பாஷையில சொல்லிக் குடுத்திருப்பா” என்றாள். அந்த வாரம் நான் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் இந்தப் பேச்சுத்தான். நான் அதை மறுக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை எல்னாவின் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டை விட்டுவிட்டுப் போகலாமா என்று படகில் யோசித்தது உண்மை. ஆனால் விட்டுவிட்டால் அவளைத் தீவில் ஒருத்தியாகவே நான் எண்ணவில்லை என்று ஆகிவிடும்.

அவர்களுடைய புல்வெளி முழுக்க வெட்டிய புல் தரையில் கிடந்தது. மழைக்கு முன் அதை எடுத்துக் கம்பிகளில் தொங்கப் போடாவிட்டால் அழுகிவிடும். வழக்கமாக இந்த வேலைக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்கள். அன்றைக்கு எல்னா மட்டும் குனிந்து வாரிக்கொண்டிருந்தாள். ஹாக்பார்ட்டுக்குக் குளிர்கால மீன்பிடியில் தோள் இறங்கியதிலிருந்து வலது கை மேலே எழும்பாது.

என் கையிலிருந்த தாளை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

“இங்கயும் வந்துட்டியா, பெத்ரிக்கே? வா, காப்பி குடி.”

குடித்தோம். அவள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“நான் இதுல போட்டேன்னா, பயந்துபோயி போட்டான்னு சொல்லுவாங்க. போடலேன்னா, ஸ்வீடன்காரி புத்திய காட்டிட்டான்னு சொல்லுவாங்க. நீயே சொல்லு, நான் எத செய்யட்டும்?”

தாளை என் பக்கமே தள்ளி வைத்தாள்.

“அவரு ‘ஆம்’னுதான் போட்டாரு” என்றாள். “நான் கேக்கல. அவராத்தான் சொன்னாரு. ‘எல்னா, கோவிச்சுக்காத, நான் ஆம்னு போட்டுட்டேன்’னு. இருபத்திரண்டு வருஷத்துல அந்த மனுஷன் எங்கிட்ட பொய் சொன்னதில்ல. பொய் சொல்றவரா இருந்தா இந்தத் தீவு சொர்க்கம்னு சொல்லி என்னைக் கூட்டியாந்திருப்பாரு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘காத்து அடிக்கும், மீன் நாறும், நான் இருப்பேன்.’ அவ்வளவுதான்.”

நான் அவளை நம்பினேன். கையெழுத்து வாங்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோபம் தாங்கவில்லை. உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சீவர்ட்டிடம் கொட்டினேன்.

“ஹாக்பார்ட் இல்லையாம். அப்ப வேற எவனோ ஒருத்தன். போட்டுட்டு வாய மூடிக்கிட்டு, பாவம் அந்த ரெண்டு பேரையும் ஊரு பிடுங்கித் திங்கறத வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கான். அவன் மட்டும் எங்கையில கெடச்சான்னா...”

சீவர்ட் வலை ஊசியைக் கீழே வைத்தார்.

“கெடச்சிட்டான்” என்றார். “நான்தான்.”

நான் கத்தியைப் பிடித்தபடியே நின்றேன்.

“தோர்கெர் அங்க இருக்கான்ல” என்றார். “அவ்வளவுதான் யோசிச்சேன்.”

தோர்கெர் எங்கள் ஒரே மகன். நாலு வருஷமாக ஸ்வீடனில் மர அறுப்பு ஆலையில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, வசந்தத்தில் குழந்தையும் பிறந்திருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை வாங்கிய நான், என் பேத்தியை இன்னும் பார்த்ததில்லை.

“பிரிஞ்சா சண்டை வரும்னு பேப்பர்ல போட்டிருந்தான். வந்தா அவன எந்தப் பக்கம் நிக்கச் சொல்லுவாங்க? அந்தச் சீட்ட கையில வச்சிக்கிட்டு நாட்டப் பத்தித்தான் நெனைக்கணும்னு பாத்தேன், பெத்ரிக்கே. அவன் முகந்தான் வந்துச்சு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ அந்தக் கடுதாசிய வாசிச்சப்ப உம் முகத்தப் பாத்தேன். எப்படிச் சொல்ல?”

உருளைக்கிழங்கு வெந்தது. இருவரும் சாப்பிட்டோம். தட்டைக் கழுவும்போது அவர் சொன்னார்: “நாளைக்குக் கடைக்குப் போயி சொல்லிடறேன். ஹாக்பார்ட் சுமக்க வேண்டியதில்ல.”

இப்போது நான் சொல்லப்போவதை முப்பது வருஷமாக ஒரே ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. “சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க” என்றேன். “கப்பல்ல தாள் போயிடட்டும். மருத்துவச்சி புருஷனே இப்படின்னு தெரிஞ்சா எவளும் கையெழுத்துப் போட மாட்டா. போட்டவளும் அடிச்சிடச் சொல்லுவா. மூணு நாளுதானே?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மேலும் பதினோரு பேர் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தென்மேற்கில் வானம் கறுத்தது. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து சிறு குடாவுக்கு அந்தப் பக்கம் எல்னாவின் புல்வெளி தெரியும். பாதிப் புல் இன்னும் தரையில்தான். அவள் வாரிக் கொடுக்க, ஹாக்பார்ட் இடது கையால் ஒவ்வொரு பிடியாகக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துக் கொல்லையில் மூன்று பேர் தங்கள் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நின்றார்கள். ஒருவனும் வேலியைத் தாண்டவில்லை.

மேசையில் தாள்கள் இருந்தன. எண்பத்தேழு பெயர்கள். அவற்றைப் பார்த்துப் பெருமைப்பட முடியவில்லை.

“கெளம்புங்க” என்றேன்.

சீவர்ட் ஏற்கெனவே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

மழைக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் போய்ச் சேர்ந்தோம்.  நாலு பேருமாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு தொங்கப்போட்டோம். கால்பங்கு நனைந்து போயிற்று. நனைந்து நின்றபடியே சீவர்ட் ஹாக்பார்ட்டிடம் சொன்னார்.

ஹாக்பார்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நீயா? நான் போதகர்னு நெனச்சேன்” என்றான். எல்னா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சனிக்கிழமை வரை மூன்று நாள் பொறுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. “மூணு நாளு புல்லு கெடந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல” என்றாள். தெரியும் என்றேன். 

சனிக்கிழமை கப்பலுக்கு முன் துறையில் கூட்டம் இருந்தது. சீவர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, “அந்த ‘இல்லை’ என்னோடது. ஹாக்பார்ட்டோடது இல்ல. எம் மகன் அங்க இருக்கான்” என்றார். அவர் வாழ்நாளில் கூட்டத்தில் பேசிய ஒரே பேச்சு.

முதலில் வாய் திறந்தது ஓலியானாதான்.

“எங்கிட்ட உக்காந்து காப்பியும் குடிச்சிட்டு, கையெழுத்தும் வாங்கிட்டு, வீட்டுல இத வச்சிருந்தியாக்கும்? எம்பேர அடி, பெத்ரிக்கே.”

“அடிக்கிறேன். ஆனா நீ எங்கப்பாவுக்காகப் போட்டியா, எம்புருஷனுக்காகப் போட்டியா? உனக்காகத்தானே போட்ட? நல்லா யோசிச்சு சொல்லு. பேனா இந்தா.”

பேனாவை வாங்கினாள். கப்பல் ஊதியது. அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “என் கையெழுத்து இதுல எவ்வளவு அழகா விழுந்திருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு, பேனாவை என்னிடமே திருப்பி எறிந்தாள். ஆறு பேர் மட்டும் அடிக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடி அடித்தேன்.

எல்னா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். தாளை அவளிடம் நீட்டினேன்.

“இப்ப யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல” என்றாள். “அதனால இப்ப தைரியமா சொல்லலாம். எனக்கு வேண்டாம்.”

எண்பத்தோரு பெயர்களோடு உறை கப்பலேறியது.

செப்டம்பர் மாதம் எங்களுக்கு மோசமாக இருந்தது. எல்லையில் இரண்டு பக்கமும் படை நிறுத்தினார்கள். தோர்கெரிடமிருந்து கடிதம் வரவில்லை. கடைக்குப் போனால் ஓலியானா கேட்டதை எடுத்து வைப்பாள், பேச மாட்டாள். எல்னாவுக்கும் அந்தப் பக்கம் இரண்டு தம்பிகள். அவர்களும் படையில். கோபம் தீர்ந்ததோ இல்லையோ, தபால் நாளில் அவள் என் பக்கத்தில் வந்து நிற்பாள். இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்புவோம்.

மாதக் கடைசியில் சமரசம் ஆகிவிட்டது என்று தந்தி வந்தது. ஒரு குண்டு கூட வெடிக்கவில்லை. பத்து நாள் கழித்துத் தோர்கெரின் கடிதம். ஆலையில் யாரும் அவனை எதுவும் சொல்லவில்லையாம். தபால்தான் எல்லையில் தேங்கிக் கிடந்ததாம். சீவர்ட் அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். நாலாவது முறை தானே வாங்கிக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

நவம்பரில் ஓலியானாவின் மகளுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. பதினாறு மணி நேரம். முடிந்து, தாயும் பிள்ளையும் தூங்கிய பிறகு, ஓலியானா என் எதிரே உட்கார்ந்து காப்பி ஊற்றினாள். 

“வாய் வலிக்குது” என்றாள். “ரெண்டு மாசம் உங்கிட்ட பேசாம இருந்தது.”

அவளால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் தோர்கெர் குடும்பத்தோடு வந்தான். மருமகள் மாலின் மெலிந்த பெண். எங்கள் தீவுப் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. துறையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து மிரண்டு குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அப்போது எல்னா முன்னால் வந்து, இத்தனை வருஷமாக இந்தத் தீவில் நாங்கள் யாரும் கேட்டிராத வேகத்தில், தன் சொந்தப் பாஷையில் அவளோடு பேச ஆரம்பித்தாள். மருமகள் முகம் மலர்ந்தது. இருவரும் எங்களை மறந்துவிட்டு, பேசிக்கொண்டே மேட்டில் ஏறிப் போனார்கள். குழந்தையை யாரிடம் கொடுத்தோம் என்ற நினைவு கூட மாலினுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

குழந்தை சீவர்ட்டின் கையில் இருந்தது. என்னிடம் தரச் சொல்லிக் கேட்டேன். கொஞ்சம் பொறு என்றார்.