கடைசிப் பதினோரு பக்கம்

மாரிச்செல்விக்குப் புத்தகங்களின் பெயர் மனதில் நிற்காது. எழுதியவர் யார் என்று கேட்டால் இன்னும் மோசம். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க லேபிள் ஒட்டுகிறவளுக்குப் படித்த புத்தகத்துக்கு ஒரு லேபிள் ஒட்டி வைக்கத் துப்பில்லை. "டீ குடிக்கிற இன்ஸ்பெக்டர் புஸ்தகம்", "கெணத்துக்காரர் புஸ்தகம்", "பனியில போயி காப்பிக்கு அழுதவன் புஸ்தகம்" என்றுதான் சொல்லுவாள். இப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கும்? ஒரே ஒருத்திக்கு விளங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சரிப் பள்ளி டீச்சராக இருந்த வின்சிக்கு.

இருவரும் பழகியது ஒரு பஸ்ஸில். ஒன்பது வருடம் இருக்கும். புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் பஸ்ஸில் நெரிந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மாரிச்செல்வி ஒரு துப்பறியும் நாவலை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பப் போனபோது தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"செத்த பொறுத்துத் திருப்புங்க. நான் இன்னும் கடைசி வரிக்கு வரல."

கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வளைத்து, ஒரு பெண் அவள் புத்தகத்தைப் படித்துக்கொண்டு நின்றாள். திட்டுவதா சிரிப்பதா என்று மாரிச்செல்விக்குத் தெரியவில்லை. ஒடுங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேருமாகப் படித்துக்கொண்டே போனதில், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது கதை பாதியில் நின்றது. பாவம், தவிப்பாளே என்று மாரிச்செல்வி, "கடைசில அந்த வக்கீல்தான்..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"முடிவ மட்டும் சொல்லிராதீங்க. மத்ததெல்லாம் எம்புட்டு வேணா சொல்லுங்க."

முன்பின் தெரியாதவள் வாயைப் பொத்துகிற துணிச்சல்காரியை மாரிச்செல்வி அன்றுதான் பார்த்தாள். பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

அதுவே அவர்களுக்குள் சட்டமாகவும் ஆயிற்று. யார் முதலில் படித்தாலும் படித்ததைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம். மெச்சலாம், வையலாம். முடிவை மட்டும் மூச்சு விடக்கூடாது. ஒரு தடவை மாரிச்செல்வி வாய் தவறி ஒரு கல்யாணம் நின்றுபோவதைச் சொல்லிவிட்டாள். வின்சி ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "ஏட்டி, இனிமே இப்பிடிச் செஞ்ச, மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்றாள்.

புத்தகங்கள் ஊர் விட்டு ஊர் போக நல்ல ஏற்பாடும் இருந்தது. வின்சியின் கணவர் ஆஸ்டின், கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள தினமும் காலையில் பஸ்ஸோடு ராஜபாளையம் வருவார். பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் மாரிச்செல்வி புத்தகத்தை டிரைவர் சீட் ஜன்னல் வழியாக நீட்டுவாள். ஆஸ்டின் வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு, "இந்த வாட்டி அழுகைக் கதையா, சிரிப்புக் கதையா? அதுக்குத் தக்கன நான் வீட்டுக்குப் போகணும்" என்பார். அவருக்கும் புத்தகத்துக்கும் அவ்வளவுதான் உறவு.

போன வருடம் கிறிஸ்துமசுக்கு முன்னால் வின்சிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் கீமோ கொடுத்தார்கள். முடி போனதற்குக்கூட அவள் அழவில்லை. மார்ச் மாதம் போன் போட்டு அழுதாள்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுட்டி. ஒரு பக்கம் படிக்க முடியல. நீ படிச்சுச் சொல்லு. நான் காதால படிச்சுக்கிடுதேன்."

அன்றிலிருந்து மாரிச்செல்வி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப ஆரம்பித்தாள். சாப்பாடு பாதி நாள் டப்பாவிலேயே இருந்தது.

"இந்த இன்ஸ்பெக்டர் இருக்காரே, முந்நூறு பக்கத்துல ஒரு வேளச் சோறு திங்கல வின்சி. டீ, டீ, டீ. கொலகாரன் யாருன்னு எனக்கு நாப்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. அந்த மனுசன் எப்ப சாப்புடுவாருன்னுதான் மிச்சத்தப் படிச்சேன்."

"கெணறு வெட்டுறவரு ஒருத்தர் தன் கதைய எழுதியிருக்காரு. தண்ணி வந்த கெணத்தப் பத்தி ரெண்டு வரி. தண்ணி வராத கெணத்தப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுதாரு. நல்ல மனுசன். பெருமையடிக்கத் தெரியல."

"பேய்க்கத படிச்சேன். எங்க சூப்பர்வைசரப் பாத்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு பேயா?"

"கவித புஸ்தகம். ஒரு பக்கத்துக்கு நாலு வரி, மிச்சமெல்லாம் வெள்ளப் பேப்பர். என்னத்த இதுன்னுதான் நெனச்சேன். பொறவு ஒரு கவித வந்துச்சு. ஒருத்தி காயப்போட்ட துணிய எடுக்கப் போறா, மழ வந்துருது, எடுக்காம நனையிதா. அம்புட்டுத்தான். நானும் செத்த நேரம் சும்மா உக்காந்துட்டேன்."

தேனீக்களைப் பற்றி ஒரு புத்தகம் படித்த அன்று மட்டும் பேச்சு இடறியது. வேலைக்காரத் தேனீ கோடையில் ஆறு வாரந்தான் உயிரோடிருக்கும் என்று சொல்லத் தொடங்கியவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிவை அழித்துவிட்டு ராணித் தேனீயின் ஜம்பத்தைப் பற்றிப் பேசி அனுப்பினாள். சாவு வருகிற இடங்களையெல்லாம் அப்போதிலிருந்தே சுற்றிப் போகப் பழகிவிட்டாள். இந்தக் கெட்டிக்காரத்தனம் வின்சியிடம் செல்லுபடியாகுமா என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

பிறகுதான் அந்தத் தடித்த நாவல் வந்தது. நெசவுக்காரத் தாய் ஒருத்தி, ஒரு பெரிய ரயில்வே ஜங்ஷன் கூட்டத்தில் தன் ஆறு வயது மகனைத் தொலைத்துவிடுகிறாள். இருபது வருடம் தேடுகிறாள். வின்சிக்கும் ஆஸ்டினுக்கும் பிள்ளை இல்லை. வின்சி அந்தப் பையன்மீது உயிரை வைத்துவிட்டாள். மூன்று வாரம், தினம் ஓர் அத்தியாயமாக மாரிச்செல்வி சொல்லி வந்தாள். அந்தத் தாய் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்குகிறாள். டீக்கடையில் நிற்கிற வாலிபனுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அந்த இடத்தில் நிறுத்தினாள். இன்னும் பதினோரு பக்கம்.

"இதுக்கு மேல நீயே படிச்சுக்கோ. சட்டம்னா சட்டம்."

வின்சியின் பதில் சாயங்காலம் வந்தது. குரல் தொண்டையின் அடியிலிருந்து வந்தது.

"ஏட்டி, அந்தப் பையன் கெடச்சானா இல்லையா? சொல்லிரு."

ஒன்பது வருடத்தில் வின்சி முடிவைக் கேட்டது அதுதான் முதல் முறை. அவள் கேட்டது கதையின் முடிவை மட்டும் அல்ல என்று மாரிச்செல்விக்குத் தெரிந்தது. இனி வின்சி புத்தகத்தைத் தொடப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் அதைச் சொல்ல முடியும். அதை எந்த வாயால் ஒப்புக்கொள்வது? சொல்லாமல் இருக்கிறவரை வின்சிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதற்காகவாவது எழுந்து உட்காருவாள் என்று பிடிவாதமாக நம்பினாள்.

"நல்லானதும் படிப்ப. அவசரப்படாத" என்று மட்டும் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனாள். ஆஸ்டின் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கட்டிலில் வின்சி பாதியாகக் கிடந்தாள். கண் மட்டும் பழைய கண்.

"மதுரைல டாக்டர் கையை விரிச்சுட்டாரு, மாரி."

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு."

"எனக்கு நேரமில்லட்டி. எனக்குப் பயமும் இல்ல. அந்தப் பையன் என்ன ஆனான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

மாரிச்செல்விக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாத கோபம். "இப்பிடிப் பேசுனா நான் எந்திரிச்சுப் போயிருவேன். பதினோரு பக்கந்தான் இருக்கு. நீ எந்திரிச்சு உக்காந்து உன் கண்ணால படிக்கணும். நான் சொல்லவே மாட்டேன்."

புத்தகத்தை அவள் தலைமாட்டில் வைத்தாள். வின்சி எலும்பு துருத்திய கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி. அடுத்த ஞாயித்துக்கெழம வா" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாரிச்செல்விக்கு ஏதோ ஜெயித்துவிட்டதுபோல இருந்தது. அப்படியும் ஒரு மடமை உண்டு. சாகக் கிடக்கிறவள் கேட்ட ஒரே ஒரு பொருளைக் கொடுக்காமல் வந்துவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொள்வது.

புதன்கிழமைக்குள் அந்த நினைப்பு கசந்துவிட்டது. மொட்டை மாடியில் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "வின்சி, அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தாள். அதை போனில் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அழித்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் வேலைக்குப் போகையில் பஞ்சு மார்க்கெட்டில் காலேஜ் பஸ் வந்து நின்றது. டிரைவர் சீட்டில் ஆஸ்டின் இல்லை. வேறொருவர், பால்சாமி என்கிற டிரைவர், குனிந்து பார்த்தார்.

"நீங்கதானம்மா புஸ்தகம் குடுக்குறவிய? ஆஸ்டின் வரல. அவன் வீட்டுக்காரம்மா விடியக்காலம் தவறிட்டாங்க."

பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாரிச்செல்வி வழியில் நிற்பதாக யாரோ சத்தம் போட்டார்கள். எப்போது அடுத்த பஸ் வந்தது, எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

வின்சியின் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு அடக்கம். சபைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து புதிதாக ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். மாரிச்செல்வி பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. ஆஸ்டின் வந்து அவள் முழங்கையைத் தொட்டு, அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அவர் கையில் அந்த நாவல் இருந்தது.

"நீ போன மறுநாளு, 'நீங்களாவது வாசிங்க'ன்னா, தங்கச்சி. நான் எட்டாப்போட படிப்ப நிப்பாட்டுனவன். எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் வாசிச்சேன். வேர்த்துக் கொட்டிருச்சு. 'போதும், மூடி வைங்க'ன்னுட்டா. நான் வாசிக்கது நல்லால்லயான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ வந்து சொல்லட்டும்'ன்னா. 'மாட்டேன்னு வீம்பு பண்ணிட்டுப் போயிருக்கா. அவளுக்கு மனசு தாங்காது. ஞாயித்துக்கெழம அவளே வந்து சொல்லிருவா, பாருங்க'ன்னா. நேத்துகூட, இன்னும் எத்தன நாளு இருக்கு ஞாயித்துக்கெழமைக்குன்னு கேட்டா."

மாரிச்செல்வி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஆஸ்டின் புத்தகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தார். "எனக்கும் அந்த நெனப்பாவே இருக்கு. அந்தப் பையன் கெடச்சானா, தங்கச்சி?"

அவள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கெடச்சாண்ணே. டீக்கடக்காரன்தான் அவன். தழும்பப் பாத்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு டீ குடுங்கிறா. 'இந்தாங்கம்மா'ன்னு குடுக்கான். யார் வந்தாலும் அப்பிடித்தான கூப்புடுவான். உள்ள ஒரு வயசான பொம்பள அவன் பிள்ளையத் தூக்கி வச்சிருக்கா. அவளயும் அம்மாங்கான். இவ ரெண்டாவது ஒரு டீ வாங்கிக் குடிக்கா. பேரு என்னன்னு கேக்கா. வேற ஒரு பேரச் சொல்லுதான். அப்ப ரயிலு வந்துருது."

"சொல்லிட்டாளா, நாந்தான்டா உன்னப் பெத்த அம்மான்னு?"

"இல்லண்ணே. நல்லா இருக்காம்லா, அது போதும்னு ஏறிப் போயிட்டா."

ஆஸ்டின் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"இம்புட்டுத்தானா, தங்கச்சி?"

முன்னறையில் அவள் வந்தபோது தொடங்கிய பாட்டே இன்னும் முடியவில்லை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுத்தாண்ணே" என்றாள் மாரிச்செல்வி. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.