ஏழாம் பக்கம்

"நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி அது யாருகிட்டப்பா இருந்துச்சு?"

எட்டு வயதில் மகள் கேட்ட கேள்வி அது. அப்பாவுக்குப் பதக்கம் கிடைத்த நாள். வீடு கொள்ளாத கூட்டம். பதக்கத்தில் ஐந்து இழைகள் ஒன்றையொன்று தாண்டிப் பின்னியிருந்தன; மூன்றாவது மட்டும் நான்காவதன் அடியில் நுழைந்து திரும்பி வந்தது. தன் தலைப்பின்னலைப் போலவே இருந்ததால் அவளுக்கு அது பிடித்துப்போனது. ஐந்திழைத் தேற்றம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அவர் பசியோடு படுத்தது தன்னால்தான் என்று அன்றைக்கு அவள் அழுதாள்.

முப்பத்தோரு வருஷம் கழித்து, கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் வாயோரத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் மூச்சு நின்றது. நாலு மாதமாக அவரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். எடுத்துப் போட்டதும் அலசியதும் புண்ணுக்கு மருந்து வைத்ததும் அவள்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மருந்துக்கடை நடத்துகிறவளுக்கு உடம்பின் அழுக்கு என்ன புதிதா? கடவுள் எனக்குக் கொடுத்த வேலை என்று செய்தாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

நேற்று மத்தியானம் அவர் திடீரென்று கண்ணைத் திறந்து, "ஏழாம் பக்கத்துல தப்பே இல்லம்மா" என்றார்.

"எந்தப் புத்தகத்துலப்பா?"

"தப்பே இல்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன் வந்தா உள்ள விடு."

"யாரு வந்தா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

இப்போது அப்பாவுக்கு மாட்டிய புதுச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே அவள் கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது, பல்கலைக்கழகக் கணிதத் துறைத்தலைவரின் குரல் கேட்டது. அப்பாவிடம் படித்து, அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தவர். கையில் தேநீர்க் கோப்பை, தட்டில் நாலைந்து பிஸ்கட். அழுது முடித்துவிட்டார், பசி வந்துவிட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம். வண்டி நாலு மணிக்குத்தானே? அதுக்குள்ள சாரோட மேஜையை ஒரு பார்வை பார்த்துடலாமா?"

"இன்னிக்கேவா சார்?"

"நாளைக்குன்னா நாலு பேர் வருவாங்க. உங்களுக்குத் தெரியாது இந்தக் கூட்டத்தை. சார் கைப்பட எழுதின மூலப்பிரதி கிடைச்சா கண்ணாடிப் பெட்டியில வைப்போம். துறையில இருக்கிற கூடத்துக்கே சார் பேரு. அண்ணன்கிட்ட பேசிட்டேன்."

அண்ணன் வாசலில் போனில் இருந்தான். "ஆமாங்க, பேரு பெரிய எழுத்துல வரணும். படம் சின்ன வயசுப் படமா இருக்கட்டும், அதுலதான் முடி இருக்கு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் போனைக் கையால் மூடி, "சாவியை எடுத்துக் குடும்மா, சார் நமக்காகத்தானே இவ்வளவு அலையறார்" என்றான்.

துறைத்தலைவர் பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். அதன் துணுக்கு ஒன்று தவறி அப்பாவின் போர்வை மேல் விழுந்தது. குனிந்து அதை எடுத்தவர், போடுவதற்கு இடம் தேடிப் பார்த்துவிட்டு வாயிலேயே போட்டுக்கொண்டார். அவள் போர்வையின் அந்த இடத்தைத் தட்டிவிட்டாள்.

"சாவி எங்க இருக்குன்னு பார்க்கணும்" என்று எழுந்தபோதுதான் வாசலில் அந்த மனிதர் நிற்பதைக் கண்டாள். செருப்பை மற்றவர்களுடைய செருப்புகளில் படாமல் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். அறுபதை ஒட்டிய வயது. தோளில் துணிப்பை, அதில் பிள்ளைகளின் நோட்டுகள் பிதுங்கின.

அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன் இரண்டு முறை வந்தார். சன்னல் வழியாகப் பார்த்த அப்பா, "தூங்கறேன்னு சொல்லு" என்றார். இரண்டு முறையும் அவளே கதவை ஒருக்களித்துக்கொண்டு, "அப்பா தூங்கறாங்க" என்றாள். இரண்டு முறையும் அவர், "தூங்கட்டும்மா, எழுப்பாதீங்க" என்று படியிறங்கினார்.

அவன் வந்தா உள்ள விடு.

"உள்ள வாங்க சார்" என்றாள்.

அவர் அப்பாவின் காலருகே நின்று கை குவித்தார். உதடு அசைந்தது. பிறகு சுவரோரம் கிடந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்தார்.

"பள்ளிக்கூடத்துல மத்தியானம் லீவு சொல்லிட்டு வந்தேம்மா. ஆறாம் வகுப்பு வாத்தியார். உங்க அப்பாவாலதான் வாத்தியார் ஆனேன்."

"அப்பாகிட்ட படிச்சீங்களா?"

"அந்தக் கொடுப்பினை இல்ல. ஒரே ஒரு கடிதம்." சட்டைப்பையிலிருந்து மடிப்பு கிழிந்து ஒட்டப்பட்ட காகிதம் ஒன்றை எடுத்தார். "சின்ன வயசுல ஒரு கிறுக்கு. நானே ஒரு தேற்றம் எழுதி, அப்பா ஆசிரியரா இருந்த இதழுக்கு அனுப்பினேன். இருபத்திரண்டு பக்கம். எத்தனை வேலை அவருக்கு! இருந்தும் தன் கைப்பட பதில் போட்டார். பாருங்க."

மருத்துவர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண். அப்பாவின் எழுத்து அவளுக்குச் சிரமமே இல்லை. 'ஏழாம் பக்கத்தில் திருத்த முடியாத பிழை இருக்கிறது. இந்த முயற்சியை விட்டுவிடுங்கள். உங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.'

முதல் வரியை இன்னொரு முறை படித்தாள்.

"என்ன பிழை சார்?"

வாத்தியார் வெட்கத்தோடு சிரித்தார். "அதுதாம்மா இன்னும் பிடிபடல. முப்பத்திரண்டு வருஷமா தேடறேன். பிரதி ஒண்ணுதான் இருந்தது, அது திரும்பி வரல, கேக்கவும் கூச்சம். ஞாபகத்துலேருந்து மறுபடி மறுபடி எழுதிப் பார்ப்பேன். எங்க வீட்டுக்காரி சொல்லுவா, மத்தவன் சீட்டாடறான், நீங்க ஏழாம் பக்கம் ஆடறீங்கன்னு."

"அப்பாவோட தேற்றத்தைப் படிச்சிருக்கீங்களா?"

"படிக்காமலா! ஆறு பக்கம் வரைக்கும் நான் போன அதே வழி. அப்போ எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே. நான் சறுக்கின இடத்தை அவர் தாண்டிட்டார். என்ன செஞ்சு தாண்டினார்னுதான் தெரியல. என் கண்ணுக்கு என்னுதும் அவருதும் ஒண்ணு மாதிரியே இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கிற அறிவு எனக்கு இல்ல. கேட்டுட்டுப் போகலாம்னு ரெண்டு தடவை வந்தேன். பாவம், தூங்கிட்டிருந்தார்."

அவள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கூடத்தில் யாரோ, "எப்பேர்ப்பட்ட மூளை!" என்றார். இன்னொருவர், "அந்த மூணாவது இழையை அடியில விட்டாரே, அது மனுஷன் யோசிக்கிற விஷயமா?" என்றார். வாத்தியாரும் நிஜமாகவே தலையாட்டினார்.

அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாவி எங்கே என்று அவளுக்கு எப்போதும் தெரியும், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். கீழ் டிராயர் இறுகிக்கிடந்தது. அசைத்து இழுத்தாள். பழைய ரசீதுகள், பதக்கத்தின் காலிப்பெட்டி, அடியில் ஒரு காகிதக் கட்டு.

எந்தப் பொருளையும் தேதி பார்க்காமல் கையிலெடுக்க மாட்டாள். தொழில் தந்த பழக்கம். முதல் பக்கத்தில் இதழின் முத்திரை, அதில் வந்து சேர்ந்த நாள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அப்பாவின் கட்டுரையின் முதல் பக்கம். அதன் தேதியைப் பார்த்தாள். பதினான்கு மாதம் பிந்தியிருந்தது.

புரட்டினாள். கணக்கு அவளுக்குப் புரியாது. ஆனால் ஆறாம் பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஐந்து இழைகள் புரிந்தன. மூன்றாவது நான்காவதன் அடியில் நுழைந்து திரும்பி வந்தது. அடுத்த பக்கத்தின் ஓரத்தில் அப்பாவின் சிவப்புப் பென்சில். பிழை காட்டும் சுழி ஏதும் இல்லை. ஒரே ஒரு சொல். அழுத்தி எழுதியதில் முனை உடைந்து காகிதத்தில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது.

'அழகு!'

இதை எழுதிய கைதான் அந்தக் கடிதத்தையும் எழுதியது. ஒரே மேஜையில், ஒருவேளை அதே நாளில். அந்தக் கையைத்தான் நாலு மாதமாகப் பிடித்து நடத்தினாள், நகம் வெட்டினாள். நாலு மாதமும் வராத குமட்டல் இப்போது தொண்டைவரை வந்தது. அறையின் மருந்து வாடையும் சட்டமும் பதக்கப் பெட்டியும் எல்லாமே கெட்டுப்போன பண்டமாக நாறின. 'அவர் மகளா!' என்று தனக்குக் கல்லூரியில் இடம் கொடுத்தார்களே, அதுவும். வாசலில் நின்று இரண்டு முறை சொன்ன பொய்யும்.

சன்னலில் தலையைச் சாய்த்து நின்றாள். கடவுளே, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். கூடத்தில் போய்க் கத்தினால்? அண்ணன் வாயைப் பொத்துவான். துறைத்தலைவர், 'துக்கத்துல பேசறாங்க' என்பார். வாத்தியார் கூசிப்போய் எழுந்து ஓடுவார். இந்தக் காகிதக் கட்டை இங்கேயே விட்டாலோ, நாலு மணிக்குள் துறைத்தலைவர் கைக்குப் போகும். பிறகு அது எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் வராது.

கதவு தட்டப்பட்டது. "சாவி கிடைச்சுதாம்மா?"

"தேடிட்டிருக்கேன் சார்."

கைப்பையில் கடையின் பழுப்புக் காகித உறை இருந்தது; மேலே கடைப்பெயர், விலாசம், போன் எண். இருபத்திரண்டு பக்கத்தையும் எண்ணிப் பார்த்து உள்ளே வைத்தாள். ஏழாம் பக்கத்தின் மேல்முனையை மட்டும் மடித்துவிட்டாள். ஏதாவது எழுதலாமா என்று பேனாவை எடுத்தாள். மன்னிப்பு கேட்க வேண்டியவர் கூடத்தில் கிடந்தார். பேனாவை மூடினாள். வாத்தியாருக்கு ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால் விலாசம் இருக்கிறது. இந்த முறை கதவைத் திறக்க ஆள் இருக்கும்.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம். "தூக்க ஆள் வாங்கப்பா" என்று அண்ணன் கூப்பிட்டான். எல்லாரும் வாசலுக்கு எழுந்தார்கள். வாத்தியாரும் பையை நாற்காலிக்கடியில் விட்டுவிட்டு எழுந்து போய், வண்டியிலிருந்து தூக்குப்பலகையை இறக்குவதற்குக் கை கொடுத்தார்.

கூடத்தில் அப்பாவும் அவளும் மட்டும். அவள் குனிந்து பையைத் திறந்தாள். மேலே ஒரு நோட்டில் கோணல் எழுத்தில் பெருக்கல் கணக்கு. பக்கத்தில் வாத்தியாரின் கையில், 'விடை சரி. அடுத்த தடவை வழியையும் காட்டு, கண்ணு.' உறையை நோட்டுகளுக்கு நடுவே செருகி மூடினாள்.

நிமிர்ந்தபோது அப்பாவின் கழுத்துப் பொத்தான் திறந்தே கிடப்பது தெரிந்தது. தொடக் கை வரவில்லை. வாசலில் பலகை இடிபடும் சத்தம் நெருங்கியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"அந்த டிராயர்ல பழைய ரசீதும் காலிப் பெட்டியும்தான் சார் இருக்கு" என்று சாவியைத் துறைத்தலைவரிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க."

தூக்கும்போது வாத்தியார் தலைப்பக்கம் நின்றார். அப்பாவின் தலை ஒரு பக்கம் சரிய, தன் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். "மெதுவா, மெதுவா, படியில இடிக்காம" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார்.

வண்டி கிளம்பியபின் பைக்காகத் திரும்பி வந்தார். "வரேம்மா. சாப்பிட்டுட்டு கொஞ்சம் படுங்க" என்று பையைத் தோளில் மாட்டினார். அவள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள்.

தெருமுனையில் அவர் ஒருமுறை நின்றார். பையின் வாரைச் சரிசெய்து, மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.