பதினொரு ‘ம்’

1

இந்தக் கதை ஒரு மதிப்பெண் தாளில் பிறந்தது. இன்னும் கொஞ்சம் கௌரவமான இடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பிறப்பிலேயே பொய் சொல்லிவிட்டால் அப்புறம் அதைக் காப்பாற்றவே பக்கம் போதாது. ஒரு தாள், ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண், அடியில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது.

ஆகவே இதில் வரும் இன்பராஜ் நான்தான். முதல் வரைவில் ‘நான்’ என்றே எழுதினேன். மூன்று பக்கம் போனதும் திரும்பிப் பார்த்தால் அந்த ‘நான்’ ரொம்ப நல்லவனாக இருந்தான். எதைப் பார்த்தாலும் அவனுக்கு மனசு கனத்தது. எரிச்சலாகிக் கிழித்துப் போட்டேன். இன்பராஜ் என்று தள்ளி நிறுத்திவிட்டால் திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: ‘தோல் வாசனையோடு ஆம்பூர் கண் விழித்தது.’ (அடித்துவிட்டேன். இங்கே இருக்கிறவர்களுக்கு அந்த வாசனை தெரிவதில்லை. கதை எழுத உட்காருகிறவனுக்குத்தான் திடீரென்று தெரிகிறது.)

தொடக்கம் இரண்டு: ‘பிரிசில்லா ஏழை வீட்டுப் பெண்தான், ஆனால் அவள் கண்களில் ஒரு…’ (நிறுத்திவிட்டேன். கதைகளில் ஏழைப் பெண்களின் கண்களில் எப்போதும் ஏதாவது எரிந்துகொண்டே இருக்கிறது. பிரிசில்லா கண்ணாடி போட்டவள். அதில் பஸ் தூசிதான் இருக்கும்.)

2, மறுபடியும்

நேராகவே சொல்கிறேன். இன்பராஜ், ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் துறையின் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவியின் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவுக்காகக் கைகட்டி நிற்க வேண்டும். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பஸ். அப்பா முப்பது வருஷம் டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டியவர் என்பதை அவன் கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை. ‘சொந்த ஊர் வேலூர் சார்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வான்.

இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு அவன் கொடுத்த வேலை: ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்து வர வேண்டும், இரண்டு நிமிடம். அந்த வகைப் படத்துக்கு என்னென்ன இலக்கணம் என்று பருவம் முழுக்கப் பலகையில் எழுதிப் போட்டிருந்தான். இருட்டு வேண்டும். முகம் தெரியாத ஒருவன் வேண்டும். ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் ஒருவரை ரசிகன் பெயரோடு தெரிந்துகொள்ள வேண்டும். இசை நெஞ்சைப் பிசைய வேண்டும். திரையில் பெயர் எழுத்து ஓடும் விதத்திலேயே குலை நடுங்க வேண்டும். இருபத்தைந்துக்குப் பதினைந்தாவது வாங்கும் படங்கள் ஆண்டு விழாவில், பெற்றோர் முன்னிலையில், பெரிய திரையில் போடப்படும்.

காஷிஃப் என்ற மாணவன் எடுத்த படத்தில் முக்காடு போட்ட ஒருவன் கத்தியோடு ஏழு முறை நடந்தான். ஏழு முறையும் நாய் குரைத்தது. இலக்கணத்தில் ஒரு புள்ளி குறையவில்லை. இருபத்திரண்டு.

பிரிசில்லா பென் டிரைவை நீட்டியபோது கேட்டாள்: “சார், பதினஞ்சு வந்துடுமா? விழா அன்னிக்கு அம்மாவ கூட்டினு வரணும்.”

இன்பராஜ் மொபைலைப் பார்த்தபடி “ம்” என்றான்.

(இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படம் எடுக்கப் போவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் அவன் அறைக்கு வந்து கதையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பிரிசில்லாவும் வந்து சொன்னாள். என்ன சொன்னாள் என்று இப்போது எழுத மாட்டேன். வேண்டுமென்றே மறைக்கவில்லை. அன்று அது இன்பராஜின் காதில் விழவில்லை, அதனால்தான்.)

3

படத்தின் பெயர் ‘ம்’.*

உச்சிவெயில். மூடிக் கிடக்கும் ஒரு டேனரியின் பின்பக்கம். தரையோடு தரையாக ஒரு தொட்டியின் வாய், மனிதன் இறங்கும் அளவுக்கு. பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு கயிறு தொட்டிக்குள் போகிறது. அதன் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நடிப்பது பிரிசில்லாவின் அம்மா மரியம்மாள். கேமரா அசையவில்லை.

“பிரிசி அப்பா, நேத்து கொழம்புல உப்பு கம்மியா?”

உள்ளேயிருந்து: “ம்.”

“சொல்றதுக்கு இன்னா? சாப்ட்டு கைய கழுவிட்டு போய்ட்டீங்க.”

“ம்.”

“சபைல கூரைக்கு காசு கேக்கறாங்க. பாஸ்டர் ஞாயித்துக்கெழம வருவாரு.”

“ம்.”

இப்படியே போகிறது. வீட்டு ஓட்டை, பிரிசில்லாவுக்கு வாங்க வேண்டிய செருப்பு, அணைக்கட்டு ஊரில் நடக்கப்போகிற ஒரு கல்யாணம். பதினொரு பேச்சு, பதினொரு ‘ம்’. பன்னிரண்டாவது பேச்சுக்குப் பதில் இல்லை. பதின்மூன்றாவதுக்கும் இல்லை. மரியம்மாள் குரலை உயர்த்தவில்லை. பதினான்காவதை இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கேட்கிறாள். “பிரிசி அப்பா, வெயில் ஏறுது, போதும் வாங்களேன்.” பிறகு கயிற்றை இழுக்கிறாள். கயிறு வரவில்லை. திரை கறுப்பாகிறது.

* எங்கள் பக்கத்து டேனரிகளில் தொட்டி கழுவ ஆள் இறங்கினால் மேலே ஒருவர் உட்கார்ந்து ஓயாமல் பேச வேண்டும். என்ன பேச்சு என்பது கணக்கில்லை. கீழே இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்ட வேண்டும். மூன்று பேச்சுக்கு ‘ம்’ வரவில்லை என்றால் விஷக்காற்று என்று அர்த்தம், இழுக்க வேண்டும். முகமூடியும் மற்றதும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. தொட்டியோரத்தில் இருப்பது இந்த ‘ம்’ ஒன்றுதான். இன்பராஜுக்கு இது தெரியும். அவன் அப்பா மேலே உட்கார்ந்து பேசியிருக்கிறார். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

4

துறைத்தலைவர் பிரேம்நாத்தை வில்லனாக்கத்தான் முதலில் நினைத்தேன். மீசை கூட வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், டிபன் பாக்ஸில் வெள்ளரிக்காய் கொண்டு வருபவர், மழை நாளில் இன்பராஜை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டு விடுபவர். வில்லன் இல்லாத த்ரில்லருக்கு மார்க் குறையும் என்று தெரிந்தும் அவரை அப்படியே விடுகிறேன்.

“இன்பராஜ், அந்தப் பொண்ணு தொட்டி மேட்டர எடுத்துருக்காம்ல?”

“ஆமா சார்.”

“அவங்க அப்பா செத்த கேஸ். ஆள் வெக்காம அவரே எறங்கிட்டாருன்னு அந்தக் கம்பெனில எழுதிக் குடுத்து முடிச்சிட்டாங்க. இப்ப இவ, மேல ஆள் இருந்துச்சின்னு படம் எடுத்துக் காட்டறா. தாளாளர் முன் வரிசைல உக்காருவாரு. அவருக்கே ரெண்டு டேனரி. அந்தத் தொட்டி அவருது இல்ல, ஆனா எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ரூல்ஸ்படி போடுங்க. ரூல்ஸ்படி பாத்தா அது த்ரில்லரே இல்லன்னு சொல்றாங்க.”

“ம்” என்றான் இன்பராஜ்.

அவர் வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டான்.

5

அந்தத் தாளை அப்படியே தருகிறேன்.

ஒளி: முழுக்க வெயில். இருட்டு இல்லை, நிழலைப் பயன்படுத்தவில்லை. 3.

ஒலி: இசை இல்லை. தொட்டிக்குள் இருப்பவரின் குரல் நடிப்பில் உயிர் இல்லை. ஆபத்தில் இருக்கும் மனிதன் இப்படிப் பேச மாட்டான். 2.

புதிர்: என்ன நடக்கிறது என்பது பொதுப் பார்வையாளருக்குப் புரியாது. 3.

பாத்திரங்கள்: எதிரி இல்லை. ஆபத்தில் இருப்பவரின் பெயர்கூடத் தெரிவிக்கப்படவில்லை. 2.

எழுத்து: எளிமை, நன்று. 4.

மொத்தம் பதினான்கு.

(‘பெயர்கூட’ என்று எழுதியவன், மரியம்மாளின் வயதில் இருக்கும் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது தெரியாதவன் அல்ல. அவன் அம்மா கூப்பிட்டதில்லை. இந்தக் கதையிலும் அந்த மனிதரின் பெயர் வரப்போவதில்லை. நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.)

பதினான்கு என்று கூட்டிப் போட்டபோது இன்பராஜுக்கு வெட்கமாகவா இருந்தது? எழுதுகிறவன் என்ற முறையில் ‘ஆமாம்’ என்று போட ஆசை. இல்லை. நிம்மதியாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் இருந்தது. யார் வந்து கேட்டாலும் தாளைக் காட்டலாம். இதை எழுதும்போது அவனைச் செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

6

பட்டியலை ஒட்டிய அன்று மத்தியானம் காஷிஃப் வந்து கதவோரம் நின்றான். பிரிசில்லாவின் படத்துக்குக் கேமரா பிடித்தவனும் அவன்தான்.

“சார், அவ படத்த கடைசி வரைக்கும் பாத்தீங்களா?”

“பாத்தேனே.”

“கறுப்பு ஆனப்புறம் இன்னும் இருக்குது சார். பேர் ஓடும். நீங்க நிறுத்திட்டீங்கபோல. என் படத்துக்கு இருபத்திரெண்டு ஜாஸ்தி சார். எனக்கே பேஜாரா இருக்குது.” அவ்வளவுதான், போய்விட்டான்.

இன்பராஜ் பென் டிரைவைப் போட்டு, கறுப்பிலிருந்து தொடர்ந்தான். வெள்ளை எழுத்து மெதுவாக வந்தது.

மேலே இருப்பவர்: மரியம்மாள்.

கேமரா: காஷிஃப்.

கீழே இருப்பவர்: இன்பராஜ் சார்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. கிண்டல் செய்கிறாள் என்று கோபம் வந்தது. படத்தை முதலிலிருந்து போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நாலாவது ‘ம்’மில் அடையாளம் தெரிந்தது.

7

இனி அன்று அவன் காதில் விழாததை எழுதலாம். எனக்கு இது பிரிசில்லா சொல்லித்தான் தெரியும்.

பட்டியல் வந்த மறுநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினான். வந்து நின்றாள். கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“என் குரல எங்க எடுத்த?”

“கதை சொல்ல வந்தேன்ல சார். நோட்ஸ் எழுதறதுக்கு ஃபோன்ல ரெக்கார்டு போட்டிருந்தேன். நான் சொல்ல சொல்ல நீங்க ‘ம்’ சொல்லிக்கினே இருந்தீங்க. வீட்ல போய் கேட்டா எங்க அப்பா மாதிரியே இருந்துச்சி. நம்ம வூட்டாண்ட ஒரு நீல டிரம் கெடக்குது, அதுக்குள்ள ஃபோன வெச்சி ஓடவிட்டு எடுத்தோம். எதிரொலி வந்துச்சி.”

“என்கிட்ட கேக்கணும்னு தோணலயா?”

“கேட்டேனே சார். ‘உங்க குரலும் படத்துல வருது சார்’னு மெசேஜ் போட்டேன். ‘ம்’னு அனுச்சீங்க.”

இன்பராஜ் மொபைலில் தேடினான். அந்த ‘ம்’ இருந்தது.

“அன்னிக்கு எல்லாத்தயும் சொன்னேன் சார். அம்மா அங்க பெருக்கற வேல. மேல உக்கார வேண்டிய ஆள லோடு ஏத்த கூப்ட்டுட்டாங்க, அதனால அம்மா கயித்த புடிச்சாங்க. அம்மா கூப்ட கூப்ட அப்பா பதில் சொல்லிக்கினே இருந்தாரு. திடீர்னு நின்னுபோச்சி. ஒத்த ஆளால தூக்க முடியல. அப்பறம் மேல யாருமே இல்லன்னு எழுதிட்டாங்க. அம்மா அங்க இருந்தாங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும், அதுக்குத்தான் இந்தப் படம்னு சொன்னேன்.”

“ம்…” என்று தொடங்கியவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

“நெஜமா அப்பா எத்தினி வாட்டி ‘ம்’ சொன்னாருன்னு அம்மாவுக்கு ஞாபகம் இல்ல சார். ரொம்ப நேரம் சொன்னாருன்னு மட்டும் தெரியும். படத்துல பதினொண்ணோட நிறுத்திட்டேன். உங்ககிட்ட பதினொண்ணுதான் கெடச்சிது. பன்னெண்டாவதுக்கு நீங்க ‘சரி, நெக்ஸ்ட் யாரு’ன்னு கேட்டுட்டீங்க. இன்னொண்ணு இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நேரம் அவர உயிரோட வெச்சிருப்பேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. எடிட்டிங்கில் வந்த ஒரு கஷ்டத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“குரல்ல உயிர் இல்லன்னு எழுதியிருந்தீங்க. கரெக்டுதான் சார்.”

8

முடிவுகள்.

(அ) இன்பராஜ் தாளைக் கிழித்து இருபத்தைந்து போட்டான். விழாவில் படம் ஓடியது. முன் வரிசை தலை குனிந்தது. மரியம்மாள் எழுந்து… (எழுதும்போதே கூசுகிறது. முன் வரிசைகள் குனிவதில்லை. ஃபோனை எடுத்துப் பார்க்கின்றன.)

(ஆ) இன்பராஜ் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தான். (யாருக்கு என்ன லாபம்? பள்ளிகொண்டா பஸ்ஸில் ஒரு சீட்டு காலியாகும்.)

(இ) நடந்தது. அவன் பிரேம்நாத்திடம் போனான். மார்க்கை மாற்ற வேண்டும், கட்டம் கட்டமாகத் தப்பு செய்திருக்கிறேன் என்று சொல்ல வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் போனான். அவர் தலையைத் தூக்காமலே, “லிஸ்ட் ஆபீசுக்குப் போயிடுச்சி இன்பராஜ். ஜூன்ல உங்க ஆர்டரும் வருது. விட்டுடலாம்ல?” என்றார்.

இன்பராஜ் சொன்னான், “…”

(இந்த இடத்தை நாலு தடவை எழுதிவிட்டேன். நாலு தடவையும் நீளமான வசனம் பேச வைத்தேன். பொய். அங்கே ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது.)

9

விழா வெள்ளிக்கிழமை. இன்று புதன். ஆகவே கதை இன்னும் முடியவில்லை. முடித்து வைக்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

சற்று முன் இன்பராஜ் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கீழ்ப்படியில் பிரிசில்லா நின்றிருந்தாள். அவள் மேலே பார்த்தாள்.

“சார், அம்மா கேட்டுக்கினே இருக்காங்க. வெள்ளிக்கெழம லீவு போடணுமாம். நம்ம படம் போடுவாங்களான்னு. இன்னா சொல்லட்டும்?”

இன்பராஜ் நின்றான். அவள் காத்திருந்தாள். மறுபடி கேட்டாள், இன்னும் கொஞ்சம் மெதுவாக.

“சார்?”

இதற்கு மேல் நான் எழுதவில்லை. இவ்வளவு நேரம் நான் சொல்லச் சொல்ல நீங்களும் எங்கேயோ உட்கார்ந்து ‘ம்’ கொட்டிக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். அவளுக்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஓர் எழுத்துக்கு மேல் இருக்கட்டும். அவள் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது.