இறக்காத பாலம்

என் கொழுந்தன் வாயில மண்ணு விழ. இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும், இல்லேன்னா எனக்கு மேல பேச்சே வராது.

கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குறது என் வேலை. வீட்டுக்காரர் பார்த்த வேலை, அவர் போனதுக்கப்புறம் எனக்குக் கொடுத்தாங்க. இந்தக் கரையில எங்க வீடு, அந்தக் கரையில ரயில் ஸ்டேஷன். கூப்பிடு தூரத்துல லாக்கு. ரெண்டு பக்கமும் பெரிய மரக்கதவு போட்ட கல்தொட்டி அது. படகை உள்ள நிறுத்தி, தண்ணியை ஏத்தியோ இறக்கியோ வெளிய அனுப்புவாங்க. அங்க ஆள் என் கொழுந்தன். பாலத்து வேலை தன் பொண்டாட்டிக்குக் கிடைக்கலேன்னு ரெண்டு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். படகு கிளம்பினா மணி அடிப்பான், நான் பாலத்தைத் தூக்குவேன். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

கால்வாய் பழசு, ரோடு அதுக்கு அப்புறம் வந்தது. அதனால மணி அடிச்சாச்சுன்னா படகுக்குத்தான் வழி. எவ்வளவு பெரிய ஆளோட காரா இருந்தாலும் நிக்க வேண்டியதுதான்.

அன்னிக்கு என் பொண்ணு நர்ஸிங் படிக்கப் போறா. சாயங்காலத்துக்குள்ள நேர்ல வரலேன்னா இடம் அடுத்தவளுக்குன்னு கறாரா சொல்லிட்டாங்க. போக ஒரே ரயில். ரோஷத்தை மூட்டை கட்டி வெச்சுட்டு கொழுந்தனுக்குப் போன் பண்ணேன்.

"உன் அண்ணன் பொண்ணு பஸ்ஸுல வர்றா. பஸ் தாண்டற வரைக்கும் படகை விடாதே."

"ம்"னான். வெச்சுட்டான்.

பஸ் வளைவுல திரும்புது. ஜன்னல்ல என் பொண்ணு கை காட்டறா. அப்பப் பார்த்து டங் டங்னு மணி.

எனக்கு உச்சி மண்டை வரைக்கும் எரிஞ்சுது. பழைய கால்வாயைப் படம் பிடிக்க வர்ற கூட்டத்தை ஏத்திக்கிட்டு ஒரு சுற்றுலாப் படகு வெளிய வந்தாச்சு. தண்ணி தள்ளிக்கிட்டு வர்ற படகு நினைச்ச இடத்துல நிக்காது. பல்லைக் கடிச்சுக்கிட்டு பொத்தானை அமுக்கினேன். பஸ்ஸுக்கு முன்னால பாலம் மேல போச்சு.

பாலத்து மேல இருக்கற என் கேபின் ஜன்னல் வழியா பாதி உடம்பை வெளிய நீட்டிக்கிட்டு கொழுந்தனைத் திட்ட ஆரம்பிச்சேன். அவன் பிறந்த நேரத்துலேர்ந்து போன வாரம் வரைக்கும் ஒண்ணு விடல. பார்த்தா என் பொண்ணு பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸை விட்டு இறங்கி லாக்குப் பக்கம் ஓடறா.

ஏன்னு புரிஞ்சுது. லாக்கோட கீழ்க்கதவு மூடியிருந்தா அது மேல பலகையில நடந்து அக்கரைக்குப் போயிடலாம். மேல்கதவுப் பலகை இத்துப்போச்சு, பழமை கெடக்கூடாதுன்னு ஒரு ஆணி அடிக்கக்கூட விட மாட்டேங்கறாங்க. ஆனா கதவு ரெட்டைக் கதவு. கரைக்கு ஒரு பாதி. இந்தப் பாதியை இங்கேர்ந்துதான் தள்ளணும், அந்தப் பாதியை அங்கேர்ந்துதான். இவ முதுகைக் கொடுத்துத் தள்ளினா. அவ பாதி நடுக்கால்வாய்ல போய் நின்னுது, அது மேல ஏறி நுனி வரைக்கும் போயிட்டா. அந்தப் பாதி அசையல.

"சித்தப்பா! தள்ளுங்க சித்தப்பா!"

அக்கரையில நின்ன அவன், கதவைத் தள்ளற கட்டையில கை வெச்சான். வெச்சதை நான் கண்ணால பார்த்தேன். பார்த்தும் என் வாய் நிக்கல.

"இப்ப என்னடா பெரிய மனுஷன் வேஷம்? பொண்டாட்டி உத்தரவு கொடுத்தாளா? அண்ணன் காரியம் முடியறதுக்குள்ள வேலை கேட்டு வந்து நின்ன பயதானே நீ!"

கையை எடுத்துட்டான்.

ரோட்டுல ஹாரன் காதைப் பிளக்குது. கண்டக்டர் கையை ஆட்டி என்னமோ கத்தறார். "நீ உன் டிக்கெட்டைப் பாருய்யா!"ன்னு அவருக்கும் ஒரு டோஸ் விட்டேன்.

அப்பதான் அக்கரையிலேர்ந்து ஒரு குரல். ரெண்டு வருஷத்துல அவனா வாயைத் திறந்து என்கிட்ட பேசினது அதுதான் முதல் தடவை.

"அண்ணி! படகு போயாச்சு! பாலத்தை இறக்குங்க!"

திரும்பிப் பார்த்தேன். படகு எப்பவோ வளைவு தாண்டிப் போயிருந்துது. கீழ வெறும் தண்ணி. என் பாலம் மட்டும் மேல நிக்குது.

இறக்கினேன். அவசரம் தெரியாத ஜென்மம், அது மெதுவாத்தான் இறங்கும். கண்டக்டர் லாக்கைப் பார்த்து விசில் ஊதிப் பார்த்தார், பின்னால நின்ன வண்டிக்காரங்க காத்திருக்க விடல. பஸ் போயிடுச்சு. இவ கதவு மேலேயே நிக்கறா. கொழுந்தன் தன் பாதியைத் தள்ளி, இவளை அந்தப் பக்கம் இழுத்து, லாக்கை அப்படியே போட்டுட்டு ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுப் பறந்தான்.

ரயில் ஊதினது எனக்கு இங்கேயே கேட்டுது.

கொஞ்ச நேரத்துல என் பொண்ணு கேபின் படி ஏறி வந்தா. பையைக் கீழ வெச்சா, ஸ்டூல்ல உட்கார்ந்தா. வயித்தெரிச்சல் தாங்காம நான் ஆரம்பிச்சேன். "எல்லாம் அந்தப் பாவியாலதான். படகை விடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பஸ்தான் லேட்டு. படகுக்காரங்க அவர் சட்டையைப் பிடிக்கற வரைக்கும் நிறுத்தித்தான் வெச்சிருந்தார்."

"நிறுத்தினானாம்! இன்னும் ரெண்டு நிமிஷம்…"

"அம்மா. படகு போயிடுச்சு, இதோ இறக்குவே, இதோ இறக்குவேன்னு பஸ்ஸுலயேதான் உட்கார்ந்திருந்தேன். நீ இறக்கல. அதுக்கப்புறம்தான் இறங்கி ஓடினேன்."

அவ அழல, கத்தல. கத்தியிருந்தா திருப்பிக் கத்தியிருப்பேன். எனக்கு வாய் வரைக்கும் வந்துது, ஆனா யாரைத் திட்டறதுன்னு தெரியல.

லாக்கிலேர்ந்து மணி அடிச்சுது. எழுந்து போய் பொத்தானை அமுக்கினேன். படகு ஒண்ணு மெதுவா வந்து, பாலத்தடியைத் தாண்டிப் போச்சு. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"இறக்கும்மா"ன்னா, தலையை நிமிர்த்தாம.