கன்றுகளுக்கு நடுவே ஒரு தள்ளுவண்டி

"மாட்டுக் கொட்டாய்லயா? எல்லினை மாட்டுக் கொட்டாய்லயா தூங்க வெச்ச?"

"மாடுங்க பக்கம் இல்ல ரிக்கே. கன்னுக்குட்டிங்க இருக்கிற பக்கம்தான்."

"ரொம்ப நாசூக்கு! அதுங்களுக்கும் போர்வை போத்திட்டு வந்தியா?"

மருத்துவமனை நடையில் எல்லினின் அம்மா ரிக்கே, அப்பா டோர்பனிடம் கத்திக்கொண்டிருந்தாள். டேனிஷ்காரர்களான நாங்கள் பொது இடத்தில் இப்படிக் கத்த மாட்டோம். உள்ளே, தீவிர சிகிச்சைப் பிரிவில், பதினோரு மாத எல்லினுக்காக இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கேள்விப்பட்டு நானும் போயிருந்தேன்.

கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாயில் வாழும் கிருமிகளை ஆராயும் குழுவில் நான் செவிலி. எல்லினுக்கு ஒரு மாதமானபோது தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்தவள் நான்தான். பிற்பாடு கடும் ஆஸ்துமா வரும் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் கிருமிகள் அதில் இருந்தன. பெற்றோரிடம் அதைச் சொல்லக் கூடாது. ஒரு குழந்தையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் அந்த விதி.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரிக்கே வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள டோர்பன் விடுப்பில் இருந்தான். எல்லினுக்கு அதற்குள் இரண்டு முறை மூச்சிழுப்பு வந்திருந்தது.

"என்னதான் பண்றது கிர்ஸ்டன்? சும்மா பாத்துட்டே இருக்கணுமா?" என்று காபியை ஊற்றியபடி கேட்டான். அந்த முகத்துக்கு நேரே மறைக்க முடியவில்லை. மாதிரியில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது, ஆறுதலுக்கு, "பண்ணையில வளர்ற குழந்தைங்களுக்கு இது கம்மியாத்தான் வருது" என்றும் சொன்னேன்.

பனியிலும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வெளியே தூங்க வைப்பவர்கள் நாங்கள். அதனால் ரிக்கேவுக்குச் சந்தேகமே வரவில்லை. டோர்பன் தினமும் மதியம் அண்ணன் பண்ணைக்கு வண்டியைத் தள்ளிப்போய், நல்ல கிருமி ஒட்டட்டும் என்று கன்றுகளுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறான். திங்கட்கிழமை எட்டிப் பார்த்தபோது குழந்தையின் உதடு நீலமாக இருந்திருக்கிறது. வைக்கோல் தூசியா, ஏதாவது சளிக்காய்ச்சலா, மருத்துவர்களுக்கே தெரியவில்லை.

"யார் சொன்னா உனக்கு இந்தக் கிறுக்குத்தனத்த?"

டோர்பன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கயோ படிச்சேன்" என்றான்.

"இனிமே நீ அவளத் தொடாத."

ரிக்கே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றான். உள்ளே அந்தச் சின்ன மார்பு இயந்திரத்தின் கணக்குக்கு ஏறி இறங்கியது.

இது நடந்து ஆறு நாளாகிறது. எல்லின் கண் திறக்கவில்லை. அவன் இன்னும் கதவுக்கு வெளியேதான். நான் சொன்னால் என் வேலை போகும், போகட்டும். ஆனால் பழி போட ஓர் ஆள் இருப்பதால்தான் ரிக்கே உடைந்துபோகாமல் நிற்கிறாளோ என்றும் பயமாக இருக்கிறது. நாளைக் காலை அவளிடம் போய்ச் சொல்லவா? உங்களில் மருத்துவமனையில் குழந்தையோடு அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள்.