பழுப்பு பம்ப்

மபுட்ஸ்வே ஊர் கிளினிக்கில் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள். முதல் வரியை ஒருவர் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இங்கும் சர்ச்சிலும் இருபது வருடமாக அந்த வேலை மடினேயோ அம்மாவுடையது. ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் வேலை, கூடவே ஆஸ்துமா. ஈஸ்டருக்குள் குரல் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்று பாடகர் குழுத் தலைவி சொல்லிவிட்டாளாம்.

"பாதி வரியிலயே மூச்சு நின்னுடுது டாக்டரம்மா. பாட்டும் போச்சுன்னா நான் யாரு?"

மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னேன். முள் இருநூற்றுப் பத்தில் நின்றது, இருக்க வேண்டியதில் பாதி. அவர் நோட்டில் இரண்டு வருடமாக என் கையெழுத்துதான்: மூச்சிரைப்பு வராமல் தடுக்கும் பழுப்பு பம்ப், தினம் இரு வேளை. எரிச்சலோடு பம்புகளைக் காட்டச் சொன்னேன். மூச்சு முட்டும்போது மட்டும் இழுக்கும் நீல பம்ப் அடிபட்டுக் கீறலோடு பையிலிருந்து வந்தது. பழுப்பு பம்ப் இஸ்திரி போட்ட கைக்குட்டைக்குள் இருந்தது.

"என்ன இது, புதுசு மாதிரி இருக்கு?"

"நல்ல மருந்தாச்சே. ஞாயித்துக்கிழம சர்ச் யூனிஃபார்ம் போட்டதும் ரெண்டு இழுப்பு. மத்த நாளைக்கு நீலம் போதும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுதினேனே தவிர, எப்படிப் போடுகிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

"இது விருந்துக் கறி இல்லம்மா, தினம் திங்கிற சோளக்களி. மூச்சு நல்லா இருந்தாலும் காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. அப்புறம் வாய் கொப்பளிக்கணும்."

மருந்து தொண்டையில் தங்காமல் நெஞ்சுக்குள் போக, காலி பிளாஸ்டிக் சோடா பாட்டிலின் அடியில் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, பம்பை அதில் செருகி, வாய்ப்பக்கமாக மெதுவாக இழுக்கப் பழக்கினேன்.

எட்டு வாரம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தைய திங்கட்கிழமை, அறைக்குள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் குரல் எழுந்தது. முன்பு மூன்று இடத்தில் நின்று நின்று வந்த அதே வரி. இப்போது நிற்கவில்லை. தகரக் கூரையைத் தொட்டு, மேலேறி, இன்னும் போனது. கை அப்படியே நின்றுவிட்டது. பத்து வருடமாக எல்லாருக்கும் நான் சும்மா எழுதித் தள்ளிய மருந்து இதையா செய்யும்? ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரைக்கு நின்றிருந்த குழுத் தலைவி, கண்ணை மூடித் தன் குரலை அவருக்குக் கீழே சேர்த்தாள்.

முதல் ஆளாக உள்ளே வந்த மடினேயோ அம்மா தானே குழாயை எடுத்து ஊதினார். முந்நூற்று எண்பது. நம்பாமல் குழாயை உதறிக் கொடுத்தேன். மறுபடியும் முந்நூற்று எண்பது.

அவர் என்னையே பார்த்தார். அந்த வரியிலும், இந்த ஊதலிலும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

"என்ன டாக்டரம்மா, உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது? இன்னைக்கு பழுப்பு போட்டீங்களா இல்லையா?"