சுஷிக்குப் போனவர்கள்

மலேசியாவில் செமோர் பக்கமுள்ள அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவது கிடையாது. சுஷி சாப்பிட அழைத்துப் போவார்கள், அவ்வளவுதான்.

முதலில் போனவர் ஸ்டோர் இராமசாமி. ஈப்போவிலேயே விலை அதிகமான ஜப்பானியக் கடையில் மதியச் சாப்பாடு, பக்கத்து நாற்காலியில் மனிதவள இயக்குநர் கீத். மறுநாள் இராமசாமியின் மேசையில் காலண்டர்கூட இல்லை. அப்புறம் பேக்கிங் புஷ்பலதா, புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். அவளுடைய தண்ணீர் போத்தல் இன்னும் கேண்டீன் மூலையில் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. கார்த்திகேசு கொஞ்சம் விவரமானவர். தனக்கு மீன் ஒத்துக்காது என்று சொல்லிப் பார்த்தார். அங்கே கோழியும் உண்டு என்றார் கீத்.

ஆகவே வியாழக்கிழமை, மூன்றாம் லைன் சூப்பர்வைசர் பாஸ்கலின் கைப்பேசியில் 'நாளைக்கு சுஷி, நீங்களும் நானும்' என்று சிரிப்புப் பொம்மையோடு செய்தி வந்தபோது, கையுறைகளில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் தலை குனிந்து ரொம்பக் கவனமாக ஓட்டை பார்த்தார்கள்.

மாரியம்மா மட்டும் வாய் திறந்தாள். "போகாதீங்கண்ணே. வயித்துப்போக்குன்னு சொல்லிடுங்க."

"நாளைக்குப் போகலன்னா அடுத்த வாரம் கூப்பிடுவான்லா."

"அப்ப கேளுங்க. அங்க இத்துனூண்டுதான் வைப்பானாம். புஷ்பக்கா வீட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சுச்சாம். நான் சோறு எடுத்து வைக்கிறேன். வந்து சாப்பிடுங்க."

'வந்து' என்பதை அவள் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். இருவரும் பிறந்த ரப்பர் தோட்டத்தின் மேல்தான் அந்தத் தொழிற்சாலை நிற்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஒரே லைனில் வேலை. பாஸ்கலுக்கு வயது ஐம்பத்து மூன்று. மகள் ஷார்மேனுக்குத் தாதியர் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இனி எந்தக் கம்பெனி அவரைக் கூப்பிடப் போகிறது?

வெள்ளிக்கிழமை கடைக்குள் கால் வைத்ததும் மூன்று பேர் ஒரே குரலில் ஜப்பான் மொழியில் 'வாங்க வாங்க' என்று கத்தினார்கள். பாஸ்கலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் நின்று கத்திய சமையல்காரர் பக்கத்துப் பீடோர் ஊர்க்காரர் என்பது அப்புறம் தெரிந்தது. முகத்தில் மட்டும் மூன்று தலைமுறை தோக்கியோ.

"உக்காருங்கண்ணே," என்றார் கீத்.

பாஸ்கல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கீத் இதுவரை அவரை அண்ணே என்றதில்லை. சோயா சாஸ் கிண்ணத்தின் பக்கத்தில் பழுப்பு உறை ஒன்றும் இருந்தது. அதை மறைத்து வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

"மெனு எங்க பாஸ்?"

"இங்க நாம கேக்கக் கூடாதுண்ணே. அவர் குடுக்கறத வாங்கிக்கணும். டிரஸ்ட்லா! அதான் இதோட அழகு."

இருபத்திரண்டு வருடமாக அந்த அழகில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பாஸ்கல்.

சாப்பாடு வந்துகொண்டிருக்கும்வரை உறை திறக்காது என்று அவர் கணக்குப் போட்டார். எனவே மெல்ல மெல்ல மெல்லுவது என்று தீர்மானம். ஆனால் முதல் துண்டு, பல்லில் படும் முன்பே கரைந்து போனது. அதுதான் அதன் பெருமை என்று சமையல்காரர் தலை வணங்கினார். அடுத்த மீன் அன்று காலை விமானத்தில் வந்ததாம். பாஸ்கல் இன்னும் விமானம் ஏறியதில்லை. அதற்கடுத்தது பத்து நாள் பக்குவப்படுத்தியதாம். செமோர் சந்தையில் பத்து நாள் மீனைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். சோறோ வெதுவெதுப்பாக, லேசான புளிப்பு வாடையோடு இருந்தது. அதை அந்த மனிதர் வெறுங்கையால் உருட்டி உருட்டி வைத்தார். ஊர் உலகத்துக்கெல்லாம் கையுறை செய்து அனுப்பியவர் பேசாமல் வாங்கி வாங்கி விழுங்கினார். பசி மட்டும் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் ஒரு துண்டு முட்டை வந்தது.

"முட்டை வந்தா முடிஞ்சிச்சுன்னு அர்த்தம்ணே," என்றார் கீத்.

"இன்னொன்னு கேக்கலாமா பாஸ்?"

"கேக்கக் கூடாதுன்னேனே."

உறை திறந்தது. உள்ளே இருந்தது வேலைநீக்கக் கடிதம் அல்ல. ஒரு பட்டியல். மூன்றாம் லைனில் முப்பத்தொரு பெயர். முதல் பெயர் மாரியம்மா. அடியில், 'பரிந்துரைத்தவர்: பாஸ்கல்' என்று அச்சடித்து, மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு காலியாக இருந்தது.

"நீங்க இருக்கீங்கண்ணே. நீங்க நம்ப குடும்பம்." கீத் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் போய்ச் சொன்னா யூனியன் வரும். நீங்க சொன்னா அழுதுட்டுப் போயிடுவாங்க."

"இல்லன்னா?"

கீத் தாளைப் புரட்டினார். இரண்டாம் தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

சமையல்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கத்தியை மறுபடி துடைத்தார். கீத் நீட்டிய பேனா நல்ல பேனா. கோடு நிரம்பியது.

"மாரியம்மா சீனியர். அடுத்த வெள்ளி நீங்களே இங்க கூட்டிட்டு வாங்க. மத்தவங்களுக்குக் கேண்டீன்ல ஆளுக்கொரு கறிபாப் பலகாரம் சொல்லிடலாம்."

மூன்று மணிக்குப் பாஸ்கல் மூன்றாம் லைனுக்குள் நுழைந்தபோது ஒருத்தி கை தட்டினாள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். சுஷிக்குப் போய்த் திரும்பி வந்த முதல் ஆள்!

"சொன்னேன்ல, எங்கண்ணன் வந்துரும்னு!" மாரியம்மா அவரைக் கேண்டீனுக்கு இழுத்துப் போய் டப்பாவைத் திறந்தாள். சோறு, கருவாட்டுச் சம்பல், பயிற்றங்காய். பட்டியல் சட்டைப்பையில் நெஞ்சைக் குத்த, அவர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். ருசியாக இருந்தது. அன்றைக்கு அது ருசியாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்னாண்ணே குடுத்தான் அங்க?"

"ஒண்ணும் நல்லால்ல. ஆறின சோறு."

"சும்மா சொல்றீங்க! நாங்கல்லாம் அத எங்க பாக்கப் போறோம்."

பாஸ்கல் வாயில் இருந்ததை விழுங்கினார். "அடுத்த வெள்ளி ஒனக்கு வேல இருக்கா மாரியம்மா? சுஷிக்குப் போலாமா?"

மாரியம்மா கலகலவென்று சிரித்தாள். பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். பாஸ்கல் நிமிரவில்லை. விரலால் டப்பாவின் மூலையை வழித்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் வைக்க நீண்ட அவள் கரண்டி, பாதியில் நின்றது.